பிஸ்கட் சார் பொறுப்பேற்றபோது

அப்பா அதை அறிவித்த விதத்திலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. ஒரு மனிதர் தான் உருவாக்கிய தொழிற்சாலையை இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறார் என்றால், எல்லோரையும் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு வார்த்தை பேசுவார் என்றுதானே நினைப்போம்? அப்பா சோதனைக்கூடத்தில் குனிந்து நின்று, ஒரு சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் ஏன் தடம் புரள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "திங்கக்கிழமையிலேருந்து மாப்பிள்ளை பாத்துக்குவார்" என்றார்.

"எதை?" என்று கேட்டேன். பெட்டியைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாத்தையும்" என்றார், சக்கரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தபடி.

சுற்றி நின்றவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் ரயிலைப் பார்த்தேன். அது மறுபடியும் அதே வளைவில் கவிழ்ந்தது.

நாங்கள் மாதிரி ரயில்கள் செய்கிறவர்கள். குழந்தைகள் சாவி கொடுத்து ஓட்டும் பொம்மை அல்ல. பெரியவர்கள் வாங்கி, ஒரு அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு, மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டுகிற அசல் ரயில்கள். ஒரு காலத்தில் இரண்டு கட்டடமும் நிரம்பி வழிந்தன. இப்போது பின்கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. முன்கட்டடத்திலும் பாதி விளக்குகளைத்தான் போடுகிறோம். வாங்குகிறவர்கள் வயதாகிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்; அவர்கள் பிள்ளைகள் அப்பாவின் ரயிலை விற்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையிலும் தொழிற்சாலை ஓடியதென்றால், என்னால் ஓடியது. அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மோட்டார் அனுப்புகிறவனோடு சண்டை போடுவது நான். சம்பள நாளில் பேங்க் வாசலில் நிற்பது நான். யாருக்கு லீவு, யாருக்குத் திட்டு என்று முடிவெடுப்பது நான். அப்பா வளைவில் பெட்டி கவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலி எனக்குத்தான் என்பதை யாரும் சொன்னதில்லை, ஆனால் யாருக்கும் சந்தேகமும் இருந்ததில்லை. எனக்கு அது வேண்டும். அதையும் ஒளிக்க மாட்டேன்.

வந்தவர் அத்தான், அக்காவின் கணவர். ஒரு பிஸ்கட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் நல்ல பதவியில் இருந்தவர். சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, எதற்கெடுத்தாலும் "சூப்பர்" என்று சொல்லும் வாய். திங்கட்கிழமை வந்தார். மதியத்துக்குள் ஆட்கள் அவருக்கு "பிஸ்கட் சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏன் இவர், ஏன் நானில்லை? வீட்டில் அப்பாவைக் கேட்டேன். "சாப்பிட்டியா?" என்றார். மறுநாள் கேட்டேன். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஏணி எடுக்கப் போய்விட்டார். அப்பாவிடம் இருந்து பதிலைப் பிடுங்குவதைவிடச் சுவரில் இருந்து ஆணியைப் பிடுங்கலாம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "உன்னைப் போட்டுக் கஷ்டப்படுத்த வேணாம்னு நெனச்சிருப்பாருடி. நீயும் எவ்வளவுதான் இழுப்ப?" என்றாள். குரலில் ஒரு பூரிப்பு. இத்தனை வருடமாகத் தன் வீட்டுக்காரரை அப்பா ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று அவளுக்குக் குறை. இப்போது அது தீர்ந்துவிட்டது.

பொடி மாஸ்டர் வேறு காரணம் சொன்னார். அவர் விளக்குக் கம்பம், பெஞ்சு, பெயர்ப்பலகை போன்ற சின்னச் சின்ன சாமான்கள் செய்யும் பகுதிக்குத் தலைவர். பொடிசு பொடிசாகச் செய்வதால் பொடிப் பகுதி, அதனால் அவர் பொடி மாஸ்டர். "ஆம்பளை போய் நின்னாதான் பேங்க்ல மதிப்பான்னு பெரியவர் நெனச்சிருப்பாரு சின்னக்கா" என்றார். பேங்கில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள், அது மரியாதையா பயமா என்பது வேறு விஷயம். எனக்கே ஒரு காரணம் தோன்றியது. நான் கல்யாணமாகிப் போய், ஒத்துவராமல் திரும்பி வந்தவள். அதை அப்பா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மனதில் வைத்திருந்தாரோ? அன்று முழுக்க அதையே நினைத்து வெந்துகொண்டிருந்தேன்.

தொழிற்சாலையோ ஒரே கூத்தாகிவிட்டது. யார் முதலாளி என்று யாருக்கும் தெரியவில்லை. லீவு கேட்கிறவர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு பேரிடமும் கேட்டார்கள். நான் மறுத்ததை அத்தான் "சூப்பர், போய்ட்டு வாங்க" என்று அனுப்பினார். வேன் டிரைவரை நான் கிழக்கே அனுப்பினால் அவர் மேற்கே அனுப்பினார். அந்த மனிதன் பாவம், வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று டீ குடித்தபடி காத்திருந்தான்.

இதற்கு நடுவில்தான் பொருட்காட்சி வந்தது. வருடம் ஒருமுறை நடப்பது. இந்த முறை ஒரு பெரிய கடைக் குழுமத்தின் கொள்முதல் மேலாளர் அம்மா நேரில் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய கடைகளில் எங்கள் ரயில் ஏறிவிட்டால் பின்கட்டடத்தையே திறந்துவிடலாம். அத்தானின் பழைய அறிமுகத்தால் வந்த வாய்ப்பு அது. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ரயில் நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆனால் நாங்கள் யாரும் பொருளின் அளவைச் சொல்லிப் பேசுவதில்லை. நிஜத்தின் அளவைத்தான் சொல்வோம். "இருபது மீட்டர் இன்ஜினைத் தூக்கிட்டு வா" என்றால் ஒரு சாண் இன்ஜின் வரும். "நாலு மீட்டர் கதவு ஒடஞ்சிருச்சு, பசை குடு" என்பார்கள். வகுத்துக்கொள்வது செய்கிறவன் வேலை. அப்பா ஆரம்பித்த பழக்கம் அது. சென்டிமீட்டரில் பேச ஆரம்பித்தால் பொம்மை செய்கிற புத்தி வந்துவிடும் என்பார். எங்களுக்கு ஊறிப்போய்விட்டது. வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கப் போகும்போதுதான் மண்டை காயும்.

அத்தானுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். "பொருட்காட்சிக்கு நம்ம கம்பெனி பேர் போட்டு ஒரு பலகை வேணும். ஆறு மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் உயரம். நீலத்துல வெள்ளை எழுத்து. நம்ம ஆளுங்களே செய்வாங்களா?"

"அதுதானே அவங்க வேலை" என்றேன். ஒவ்வொரு வருடமும் பொருட்காட்சியில் ஓடவிடும் ரயில்பாதையில் ஒரு ஸ்டேஷன் இருக்கும். அதன் பிளாட்பாரத்தில் எங்கள் பெயர்ப்பலகையை வைப்போம். இவரும் அதைத்தான் கேட்கிறார் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. பரவாயில்லையே, வேலையைக் கற்றுக்கொண்டு எங்களைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டாரே என்றுகூட நினைத்தேன்.

பொடி மாஸ்டரிடம் சொன்னேன். அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் எழுத்தா?" என்றார். நான் திரும்பிப் போய் அத்தானைக் கேட்டேன்.

"கண்டிப்பா. எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் தெரியணும்."

"விளக்கு?"

"போட்ருங்க. தூரத்துல இருந்தே கண்ணைப் பறிக்கணும்."

"அவ்வளவு வெளிச்சம் குடுத்தா பெயின்ட் உருகிடும்னு மாஸ்டர் சொல்வாரு."

"அப்ப அவருக்கு எது சரின்னு தோணுதோ அப்படிப் பண்ணச் சொல்லும்மா. அனுபவஸ்தர். சூப்பர்."

அவர் பொறுப்பேற்ற நாளில் இருந்து நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் பேசி முடித்த ஒரே விஷயம் அதுதான்.

பொருட்காட்சி நாளன்று காலையில் நானும் அத்தானும் முன்னதாகவே போய்விட்டோம். எங்கள் கடைக்கு முன்னால் இரும்புச் சட்டம் உயரமாக நின்றது. அதில் பலகையை ஏற்றுவதற்கு அத்தான் இரண்டு ஆட்களை ஏணியோடு வரவழைத்திருந்தார். இந்தச் சட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பிஸ்கட் கம்பெனி வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"பலகை எங்கே?" என்றார் அத்தான்.

நான் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் திறந்தார். பஞ்சை விலக்கினார். உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு எங்கள் பெயர்ப்பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து. இரண்டு பக்கமும் எழுத்து. மேலே கடுகளவு விளக்கு. பொடி மாஸ்டர் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தார்.

அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு. இது சாம்பிளா? பெரிசு எப்ப வரும்?"

"பெரிசுன்னா?"

"ஆறு மீட்டர் பலகை."

"இதுதான் ஆறு மீட்டர்" என்றேன்.

ஏணிக்காரர்கள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் ஏணியைப் பார்த்தான், மற்றவன் பலகையைப் பார்த்தான். எனக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்தவுடன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அத்தானின் முகம் சுருங்கிப்போனது.

"வேணும்னே பண்ணினியா?" என்றார் மெதுவாக.

"ஐயோ, இல்ல அத்தான். சத்தியமா இல்ல. நாங்க எப்பவும் இப்படித்தான்..."

விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. ஊரில் யார் இப்படிப் பேசுவார்கள்?

கொள்முதல் மேலாளர் அம்மா மதியத்துக்கு முன் வந்தார். மொட்டைச் சட்டத்தின் கீழ் இருந்த எங்கள் கடையைத் தாண்டி, நிற்காமல் போனார். அத்தான் கூட்டத்தில் பின்னாலேயே ஓடினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "தகவல் அனுப்புங்க, பாக்கலாம்னு சொன்னாங்க" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விற்பனையில் தலை நரைத்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரயில் வைத்துக் கொண்டுவந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். "நல்ல வேலையை விட்டுட்டு வந்தேன்மா" என்றார். "என் இடத்துக்கு இன்னும் ஆள்கூடப் போடல, திரும்பி வந்துடுங்கன்னு தினம் போன் பண்றாங்க. மாமா என்னை நம்பிக் கூப்பிட்டாரேன்னு வந்தேன். இதுவரைக்கும் என்கிட்ட அவர் எதையுமே கேட்டதில்ல."

எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தேன். அப்பா சமையலறை மேசையில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பலகை விஷயத்தைச் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பல மாதமாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு, "அந்த அம்மா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்க."

சிரிப்பு நின்றது. ஆனால் முகத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. கப்பல் கவிழ்ந்த செய்தியைக் கேட்டவர், மழை நின்றுவிட்டது என்று கேட்டதுபோல உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு வருத்தமே இல்லையா? அந்த ஆர்டரை நம்பித்தானே எல்லாம்?"

"எதுவும் இல்லம்மா" என்றார். "இடத்தை விக்கப் பேசி முடிச்சாச்சு. வருஷக் கடைசியில காலி பண்ணிக் குடுக்கணும். அந்த ஆர்டர் வந்திருந்தாலும் அதுவரைக்கும்தான் ஓட்டியிருக்கலாம், அவ்வளவுதான்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"மூடப் போறீங்களா?"

"மூடித்தான் ஆகணும். யாராவது ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்லணும், நாளையிலேருந்து வராதீங்கன்னு. அவங்க எல்லாரும் உன்னைத் தூக்கி வளர்த்தவங்க. மாஸ்டர் முகத்தைப் பாத்து உன்னால சொல்ல முடியுமா? அப்புறம் இந்தத் தெருவுல நீ எப்படி நடப்ப? மாப்பிள்ளைன்னா வெளி ஆளு. வந்தாரு, கெடுத்தாருன்னு நாலு நாள் திட்டுவாங்க, மறந்துடுவாங்க. உன் மேல பழி வரக்கூடாது. அதுக்குத்தான்."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அப்பா என்னை ஒதுக்கவில்லை, காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார் என்று நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடியே மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். என் சந்தோஷத்தை நினைக்க எனக்கே கூசியது.

"அத்தானுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா வந்திருப்பாரா?"

"அக்காவுக்கு?"

அப்பா மிக்ஸியின் திருகைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கண்ணெதிரிலேயே கிடந்தது.

"பலிகடா ஆக்கியிருக்கீங்கப்பா, அவரை" என்றேன். அப்பா திருகைத் தேடிக்கொண்டே இருந்தார். இவரை நான் கும்பிடுவதா, கோபித்துக்கொள்வதா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மறுநாள் காலை நான் போகும்போதே அத்தான் சோதனைக்கூடத்தில் இருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். "அந்த இருபது மீட்டர் இன்ஜினை இப்படி வைங்க. அந்தப் பன்னிரண்டு மீட்டர் பெட்டியை ரெண்டு விரலால தூக்குறேன் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் சிரித்தார்கள். பிஸ்கட் சாரோடு சேர்ந்து அவர்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னைக் கண்டதும் அறைக்குக் கூப்பிட்டார். "நேத்து உன்னைச் சந்தேகப்பட்டது தப்பும்மா. மாஸ்டர் எல்லாம் சொன்னாரு. ராத்திரி பூரா யோசிச்சேன். வேற ரெண்டு கடைக்காரங்களைத் தெரியும். நீயும் நானும் சேந்து..."

உண்மையைச் சொல்லிவிட்டால் இவர் மாமனார் முகத்தில் விழிக்க மாட்டார். அக்கா எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். சொல்லாமல் விட்டால் இவர் கையாலேயே எல்லோரையும் வெளியே அனுப்பவைப்போம். வழி ஒன்றுதான் தெரிந்தது. அது சரியான வழியா என்று யோசித்தால் வாய் வராது என்று, யோசிக்காமல் பேசினேன்.

"இந்தப் பொறுப்பை எனக்குக் குடுத்துடுங்க அத்தான். நீங்க பழைய கம்பெனிக்கே போயிடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் பாதிச் சொல்லில் நின்றார். "ஏன்?"

"இது எனக்கு வரவேண்டியது."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க அக்கா அன்னிக்கே சொன்னா" என்றார். "தங்கச்சிக்கு அந்த நாற்காலி மேலதான் கண்ணுன்னு. நான்தான், சேச்சே, அப்படிப்பட்ட பொண்ணு இல்லன்னு சண்டை போட்டேன்."

அவர் மேசை மேலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார், சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார். வெளியே போகும்போது கூடத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று கை கொடுத்துவிட்டுப் போனார். அக்கா இனி எனக்குப் போன் செய்ய மாட்டாள். அது எனக்குத் தெரியும்.

செய்தி தேநீர் வேளைக்குள் எல்லா மூலைக்கும் போய்விட்டது. முதலில் உள்ளே வந்தவர் பொடி மாஸ்டர். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பதான் சின்னக்கா வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு. பிஸ்கட் சார் நல்ல மனுசன்தான், இருந்தாலும் நம்ம வீட்டு ஆள் மாதிரி வருமா? நீங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இப்பதான் கீழே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்."

"கதவைச் சாத்திட்டு வாங்க மாஸ்டர். உக்காருங்க."

அவர் கதவைச் சாத்தினார். அந்த அறையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

"முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்" என்றேன்.

அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க, என்ன செய்யணும்?" என்றார்.